சண்டைக்கு முந்தின பட்டாளம்

யோகராணி ஜெர்மன் படையில் சேர்ந்தது ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு. கையில் வெங்காயமும் கத்தியும் இருந்தன. யோசிக்கவென்று அவள் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அதுவரை எந்தப் படையையும் கிட்டப் போய்ப் பார்க்க விரும்பியவள் அல்ல அவள். புங்குடுதீவில் பிறந்து, இளவயதில் பாரிசுக்கு வந்து, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் தவரத்தினத்தின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, கடைசியில் நிலவறைச் சமையலறைக்கே தளபதி ஆகிவிட்டவள். கார் து நோர் நிலையத்தில் துப்பாக்கியும் கையுமாக நடந்து திரியும் பிரெஞ்சுச் சிப்பாய்களைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கத்தால் சுற்றிப் போவாள். அவர்கள் அவளை ஒன்றும் செய்ததில்லை. ஒருமுறை அவளுடைய பை அறுந்து தேசிக்காய்கள் உருண்டோடியபோது அவர்களில் ஒருவன் குனிந்து பொறுக்கிக்கூடக் கொடுத்தான். ஆனாலும் 2009 மே மாதத்துக்குப் பிறகு பச்சை உடுப்பு எந்த நாட்டுடையதானாலும் அவளுக்கு ஒன்றுதான். அந்த மாதம் வன்னியிலிருந்து தங்கையின் குரல் வராதா என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். தங்கை பிழைத்தாள். அதைப் பற்றி யோகராணி அதற்கு மேல் பேசுவதில்லை. நாமும் பேச வேண்டாம்.

அவளைப் படையில் சேர்த்தவர் இஞ்ஞாசி. புதுச்சேரிக்காரர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரூ பஜோலில் வீடு. அவருடைய மனைவி மர்கரீத் வீட்டுக்குள் இரண்டு விஷயங்களுக்குத் தடை போட்டிருந்தார். ஒன்று சுருட்டு, மற்றது பட்டாளப் பேச்சு. சுருட்டை இஞ்ஞாசி விட்டுவிட்டார். மற்றதை விட முடியாமல், தினமும் மீன்குழம்புச் சோறு முடித்த கையோடு நிலவறைப் படியில் வந்து நின்று யோகராணிக்குச் சொல்லத் தொடங்கினார். அவள் வெங்காயம் வெட்டியபடியே கேட்பாள். சமையலறையில் வானொலி இல்லை என்ற குறை தீர்ந்தது.

இஞ்ஞாசியின் பட்டாளத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. முதல் உலகப் போருக்கு முந்திய பத்து வருடங்கள்தான் அவருக்கு உலகம். எந்த நாட்டுக்காரன் என்ன சப்பாத்துப் போட்டான், எந்தப் பீரங்கியை எத்தனை குதிரை இழுத்தது, எல்லாம் சொல்வார். 1914 ஜூலை முடிகிற இடத்தில் வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், "அது வேற ஆளுங்க வேலை மதாம்" என்பார்.

ஒரு நாள் அவளுக்கு ஒரு படம் காட்டினார். நீலக் கோட்டும் செக்கச்செவேலென்ற காற்சட்டையும் போட்ட பிரெஞ்சுச் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள்.

"இது பாண்ட் வாத்தியக்காரரோ அண்ணை?"

"வாத்தியமா! காலாட்படை மதாம். போருக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தி பச்சை கலந்த ஒரு கலர்ல மாத்தலாம்னு தச்சுப் பாத்தாங்க. நாடே எழுந்து சத்தம் போட்டுது. சிவப்பை எடுத்தா பிரான்சே போயிடும்னு சொன்னாங்க. சரின்னு விட்டுட்டாங்க. அந்தப் பக்கம் அல்மான்காரன், அதான் ஜெர்மன்காரன், எப்பவோ சாம்பல் நிறத்துக்கு மாறிட்டான்."

யோகராணி சிரித்தாள். சிவப்புக் காற்சட்டை போட்ட ஆமிக்கு ஆர் பயப்பிடுவினம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சட்டென்று, "இதோடையோ சண்டைக்குப் போனவை?" என்றாள்.

"இதோடதான் போனாங்க."

"எத்தினை பேர் திரும்பி வந்தவை?"

இஞ்ஞாசி படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது ஆகஸ்டு மாதத்துக் கேள்வி.

அந்தப் புதன்கிழமை, 2013 வசந்த காலம், அவர் படியில் இறங்கி வந்தபோதே முகம் வேறு மாதிரி இருந்தது.

"மதாம், எண்பது பேருக்கு ஒரே அண்டாவுல சமைக்க முடியுமா?"

"ஏன் ஏலாது? கலியாண வீடோ?"

"இல்ல. பட்டாளம்."

கத்தி நின்றது. "எந்த நாட்டு ஆமி?"

"அல்மான்."

விஷயம் இதுதான். பாரிசுக்குக் கிழக்கே, வயல்கள் தொடங்கும் இடத்தில், பழைய படைகளின் உடுப்பையும் சாமான்களையும் சேர்த்து, அணிந்து, நடந்து காட்டும் ஒரு சங்கம் இருந்தது. இஞ்ஞாசி அதில் பழைய உறுப்பினர். ஒரு பண்ணையின் கொட்டகையில், பன்றிகளுக்குத் தீனி காய்ச்சும் பாத்திரமாக நெடுங்காலம் கிடந்த ஒரு வண்டியை அந்தச் சங்கம் கண்டுபிடித்திருந்தது. அடியில் அடுப்பு, மேலே பெரிய அண்டா, ஒரு புகைபோக்கி, சக்கரங்கள். போருக்கு முன்னால் ஜெர்மன் படை செய்துகொண்ட சமையல் வண்டி அது. படை நடக்க நடக்க வண்டியில் சாப்பாடும் வெந்துகொண்டே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் புகைபோக்கி பீரங்கிக் குழாய் மாதிரி இருப்பதால் சிப்பாய்கள் அதற்குச் 'சூப்புப் பீரங்கி' என்ற மாதிரி ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதே வருடங்களில் ஒவ்வொரு மாதிரியாகச் செய்து பார்த்துச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். போர் வந்தபோதும் பெரும்பாலான படைப்பிரிவுகளுக்கு வண்டி கிடைத்திருக்கவில்லை.

செப்டெம்பரில், சரியாக நூறு வருடத்துக்கு முந்திய இலையுதிர்காலப் படைப் பயிற்சியைச் சங்கம் நடத்திக் காட்டப்போகிறது. ஒரு மேட்டின் இந்தப் பக்கம் பிரெஞ்சு முகாம், அந்தப் பக்கம் ஜெர்மன் முகாம். சனம் வந்து இரண்டையும் பார்த்துப் போகலாம்.

"வண்டி தயார். சமைக்கத்தான் ஒருத்தருக்கும் தெரியல. போன வாரம் பட்டாணி வேக வைச்சாங்க. மேல பச்சை, கீழ கரி."

"சண்டை பிடிக்கிறதோ அங்கை?"

"கிடையவே கிடையாது. 1913 மதாம். சண்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"ஒருதரும் சாகமாட்டினம்?"

"பசியில வேணா சாவாங்க."

யோகராணி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். சண்டைக்கு முந்தின பட்டாளம் என்று ஒன்று இருக்கலாம் என்பது அவள் கேள்விப்படாத செய்தி. "அப்ப என்ரை பேரையும் சேருங்கோ" என்றாள்.

விடுமுறை கேட்கப் போனபோது தவரத்தினம் வாடிப்போனார். "ஞாயிற்றுக்கிழமையோ அக்கா! ஞாயிறு இஞ்சை என்ன சனமெண்டு தெரியுந்தானே. எங்கை போறியள்?"

"ஜேர்மன் ஆமிக்கு."

"ஜேர்மனியிலை ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார் அவர், முழு அக்கறையோடு.

பாரிசின் புறநகரான பொண்டியில் இருந்த வீட்டில் கணவன் குகதாசன், பைத்தியம் என்ற அர்த்தத்தில், அதைவிடச் சுருக்கமாக முடித்தான். "உமக்கு விசர்." மகள் தயாளினி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "மமோ, செ பா வ்ரே!" என்றாள். இது நிஜமாக இருக்க முடியாது என்று அர்த்தம். ஆனால் படம் எடுக்கத் தானும் வருவதாக அடுத்த மூச்சிலேயே சொன்னாள்.

சங்கத் தலைவர் தியரி சீருடை அளவெடுக்கக் கடைக்கே வந்தார். ரயில்வேயில் பொறியாளர், மெலிந்த, மரியாதையான மனிதர், பொத்தானில் பிழை இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. யோகராணியைப் பார்த்ததும் தர்மசங்கடப்பட்டார்.

"மன்னிக்க வேண்டும் மதாம். பிரெஞ்சுப் படையில் முன்பு சாப்பாடும் பானமும் விற்கும் பெண்கள் இருந்தார்கள். போருக்குச் சில வருடங்கள் முன்பு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஜெர்மன் சமையல் வண்டியிலோ பெண் நின்றதாக எனக்குத் தெரியாது."

"அப்ப என்ன செய்யிறது?"

தியரி இஞ்ஞாசியைப் பார்த்தார். இஞ்ஞாசி கூரையைப் பார்த்தார்.

"மீசை" என்றார் தியரி, தாழ்ந்த குரலில்.

மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் படியில் வந்து குவிகிற அளவுக்குச் சமையலறையில் நின்றவர்களிடம் சிரிப்பு எழுந்தது. யோகராணி சிரிக்கவில்லை. மீசைக்குச் சம்மதம், ஆனால் உச்சியில் ஈட்டி வைத்த அந்தத் தோல் தொப்பி தனக்கு வேண்டும் என்றாள். சமையல்காரர்கள் தட்டையான துணித் தொப்பிதான் போட்டார்கள் என்று தியரி விளக்கினார். தொப்பி இல்லையென்றால் மீசையும் இல்லை என்றாள் அவள். பேச்சு இழுபட்டது. கடைசியில், பரிமாறும் நேரத்துக்கு மட்டும், புகைப்படம் எடுப்பவர்கள் தூரத்தில் நின்றால், என்ற நிபந்தனையோடு ஈட்டித் தொப்பி அவளுக்குக் கிடைத்தது.

அந்தச் செப்டெம்பர் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. போதாததற்கு யோகராணிக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. குகதாசன் தவரத்தினத்தின் வான் வண்டியில் அவளையும் மகளையும் மூட்டைகளையும் கொண்டுபோய் இறக்கினான். இறக்கிவிட்டு வானுக்குள் படுத்து நித்திரை கொள்வதுதான் அவனுடைய திட்டம். ஆனால் பிரெஞ்சுப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. குழுவில் ஒருவன் குறைந்தால் கணக்குப் பிழைத்துவிடும் என்று தியரி தவிக்க, இஞ்ஞாசி வானின் கதவைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் குகதாசன் சிவப்புக் காற்சட்டையோடு சேற்றில் நின்றான்.

பிரெஞ்சு முகாமின் ஏற்பாடு அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே பொதுச் சமையல் கிடையாது. ஒவ்வொரு சிறு குழுவும் தன் சோற்றைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவன் முதுகில் குண்டான், ஒருவன் முதுகில் வாளி, ஒருவனிடம் கோடரி, ஒருவனிடம் கோப்பி அரைக்கும் இயந்திரம். குகதாசனுக்குக் கிடைத்தது குண்டான். அதைச் சுமந்தபடி காலை முழுக்க அணிவகுத்து நடந்துவிட்டு, பிறகு விறகு பொறுக்கப் போனான். ஊறாத விறகு அந்த மாவட்டத்திலேயே இருக்கவில்லை. ஏழெட்டு இடங்களில் பிரெஞ்சுப் படை குந்தியிருந்து ஊதியது. புகை மட்டும் வந்தது.

மேட்டின் அந்தப் பக்கம் சூப்புப் பீரங்கி நிம்மதியாக முழங்கிக்கொண்டிருந்தது. அண்டாவுக்கு இரட்டைச் சுவர், நடுவில் ஒரு திரவம், அதனால் அடிப்பிடிக்காது. முன்னர் அடிப்பிடித்ததற்குக் காரணம் அந்தத் திரவத்தை ஊற்ற மறந்ததுதான் என்று தியரி கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தார். யோகராணிக்கு அந்த அண்டா மிகவும் பிடித்துப்போனது. இப்படி ஒன்று நிலவறையில் இருந்தால் தன் வாழ்க்கையில் பாதி மிச்சமாகியிருக்கும் என்று அவளுக்குப் பட்டது. தியரி சொன்னபடியே உடைத்த பட்டாணி, உருளைக்கிழங்கு, கரட் எல்லாம் போட்டாள். கடைசியில் ஒரு தாளிதம் மட்டும் தன் கணக்கில் சேர்த்தாள்: வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. பிறகு உறைப்புப் பார்த்தாள். அடைத்த மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. வறுத்த கறித்தூள் கொஞ்சம் போட்டாள். திரும்பவும் பார்த்தாள். சப்பென்றிருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டாள். மீசை வேறு அகப்பையில் தோய்ந்து இடைஞ்சல் செய்தது.

மத்தியானம் ஆனது. வாசம் மேட்டைத் தாண்டியது. முதலில் எல்லையில் வந்து நின்றது ஒரு சிவப்புக் காற்சட்டை, முதுகில் குண்டான்.

ஈட்டித் தொப்பியும் மீசையுமாக யோகராணி அகப்பையை நீட்டினாள். "ஆர் அது?"

"நான்தான்."

"என்ன வேணும்?"

"பசிக்குதப்பா."

"எதிரிக்குச் சாப்பாடு இல்லை. எனக்கு விசர் எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"அது எப்பவோ சொன்னது" என்றான் குகதாசன், குளிரில் பல் அடிக்க. "இஞ்சரும், அங்கை ஒருதருக்கும் நெருப்பு மூளேல்லை. எல்லாருக்கும் கை விறைச்சுப்போச்சு. பாணும் ஊறிப்போச்சு."

அவனுக்குப் பின்னால் மேட்டில் இன்னும் பல சிவப்புக் காற்சட்டைகள் வந்து நின்று மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் முன்னால் தியரி. தாடையிலிருந்து நீர் சொட்டியது. ஒரு பக்கம் பசி. மறு பக்கம் வரலாறு. 1913-ல் ஒரு பிரெஞ்சுப் படைப்பிரிவு ஜெர்மன் அண்டாவில் சாப்பிட்டதாக எங்கும் இல்லையே! கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். படை அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

திடீரென்று நின்றார். முகம் மலர்ந்தது.

"நண்பர்களே" என்றார் உரத்த குரலில், "போருக்கு முந்திய வருடங்களில் ஒரு நாட்டின் பயிற்சியைப் பார்வையிடப் பிற நாட்டு அதிகாரிகளை அழைப்பது வழக்கம். நம்மை யாராவது அழைத்தால்..."

இஞ்ஞாசி அவள் காதில் விஷயத்தைச் சொன்னார். யோகராணி தொப்பியைச் சரிசெய்தாள். "வாங்கோ, வந்து பாருங்கோ" என்று ஜெர்மன் படையின் சார்பில் அழைத்தாள். அவ்வளவுதான், முழுப் படையும் வெளிநாட்டுப் பார்வையாளர்களாகி, தகரக் கோப்பையோடு சரிவில் இறங்கி வந்தது.

முதல் கோப்பை தியரிக்கு. ஒரு கரண்டி வாயில் வைத்தார். நிமிர்ந்து நின்றார். காது சிவந்தது, பிறகு கழுத்து, கண்ணில் நீர் கோத்து இறங்கியது. வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. அவர் கோப்பைக்குள் விரலை விட்டு ஓர் இலையை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"மதாம், இது ஜெர்மன் படையில் இருந்ததா?"

"தெரியாது" என்றாள் யோகராணி. உண்மையில் அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒரு கரண்டி எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு நன்றாகச் சுவைத்தாள். ஐயோ என்று மனதுக்குள் கத்தினாள். தவரத்தினத்தின் கடையில்கூட இந்த உறைப்பை யாருக்கும் கொடுத்ததில்லை. "மிசியே, உறைப்புக் கூடிப்போச்சு. பிழை என்னிலைதான். தண்ணி விடட்டோ?"

தியரி வேண்டாமென்று தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்தார். இன்னொரு கரண்டி எடுத்தார், பிறகு இன்னொன்று. "என் விரல்கள் திரும்பி வருகின்றன" என்றார் ஆச்சரியத்தோடு.

அதற்குப் பிறகு வரிசையை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டார்கள்; அழுதுகொண்டே திரும்பவும் வந்து நின்றார்கள். பார்க்க வந்த சனமும் சேர்ந்துகொண்டது. கூட்டத்தில் இருந்த ஒரு கிழவர், தான் பார்த்த படைக் காட்சிகளிலேயே உருக்கமானது இதுதான் என்று தன் மனைவியிடம் சொன்னதாகத் தயாளினி பிறகு வீட்டில் நடித்துக் காட்டினாள்.

அண்டாவின் அடிப்பாகம் தெரியத் தொடங்கிய வேளை, யோகராணி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. பச்சைச் சரிவில் மேடு வரைக்கும் அந்த வரிசை நீண்டிருந்தது. பெரும்பாலும் இளம் பொடியன்கள். சாம்பல் உடுப்புக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேட வேண்டியிருந்தது. சிவப்புக் காற்சட்டைகளைத் தேடத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, பூப் பூத்த மாதிரித் தெரிந்தது. அகப்பை அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"என்ன?" என்றான் குகதாசன்.

"ஒண்டுமில்லை. எவ்வளவு தூரத்திலை நிண்டாலும் வடிவாத் தெரியுது என்ன."

அவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் விளங்கியது. குனிந்து தன் காற்சட்டையைப் பார்த்துக்கொண்டான். அவள் அடுத்து வந்தவனின் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினாள். அதற்கு அடுத்தவனுக்கும் அப்படியே.

சங்கம் அவளை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு 2014. உலகம் முழுக்கப் போரின் நூற்றாண்டு நினைவு. சங்கமும் போருக்குப் போக முடிவெடுத்தது. கூட்டத்தில் தியரி உற்சாகமாகப் பேசினார்: ஆகஸ்டு மாதச் சண்டைகள், அதன் பிறகு பதுங்குகுழி, சேறு, வெடிச்சத்தம் எழுப்பும் கருவி எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். சமையல் வண்டி பின்னால் வரும்.

யோகராணி கையை உயர்த்தினாள். அவளுடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. நீண்ட வசனம் வராது. "நான் பதின்மூன்றிலேயே நிற்கிறேன்" என்றாள்.

அவள் கேலி பேசுவதாக நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. சண்டை எப்படி இருக்கும் என்று தன் வீட்டாருக்குத் தெரியும், அதைச் செய்து பார்க்கத் தனக்கு விருப்பமில்லை என்று மட்டும் சொன்னாள். இஞ்ஞாசி எழுந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் எப்போதுமே ஜூலையைத் தாண்டாதவர்.

தியரி நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, சங்கத்துக்குள் '1913 பிரிவு' என்று ஒன்று இயங்கலாம், வண்டியும் அந்தப் பிரிவோடு இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்படித்தான் நடந்தது. மற்றவர்கள் வருடத்துக்கு ஒரு வருடமாகப் போருக்குள் நகர்ந்தார்கள். சிவப்புக் காற்சட்டை போய் வெளிர்நீலம் வந்தது, இரும்புத் தொப்பி வந்தது, முகமூடி வந்தது. 1913 பிரிவு மட்டும் ஒவ்வொரு செப்டெம்பரிலும் அதே மேட்டில் அதே பயிற்சியை நடத்தி, அளவான உறைப்போடு சாப்பிட்டுவிட்டுக் கலைந்தது. முதல் வருடம் நாலு பேர். அதில் ஒருவன் குகதாசன். தனக்கு அந்தக் காற்சட்டை பொருத்தமாக இருக்கிறதென்று அவனுக்கு ஓர் எண்ணம். பிறகு மர்கரீத் வந்து சேர்ந்தார். பட்டாளப் பேச்சு வீட்டில்தானே கூடாது, வயலில் கூடாது என்று தான் சொல்லவில்லையே என்றார். சங்கத்தின் கிழடுகளும் இளசுகளுமாகச் சிலர் சேறும் சத்தமும் அலுத்துப்போய் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள்.

2018 நவம்பரில் சங்கத்தின் போரும் முடிந்தது. சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, பொண்டி வீட்டில் 1913 பிரிவு கூடியிருந்தது. சுடச்சுடத் தோசை போய்க்கொண்டிருந்தது. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தாள் தயாளினி. வாசலில் மழையில் நனைந்தபடி தியரி, கையில் ஒரு பூச்செண்டு. நாலு வருடப் போர் முகத்தில் தெரிந்தது; மெலிந்த மனிதர் இன்னும் மெலிந்திருந்தார்.

"இன்னும் ஆள் எடுக்கிறீர்களா?" என்றார்.

யோகராணி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னவாம் அண்ணை?"

"தலைவர் 1913க்குத் திரும்பி வரணுமாம்" என்றார் இஞ்ஞாசி, வாயில் தோசையோடு.

"உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ. நனையிறார்" என்றாள் அவள். பிறகு மகளிடம், "அவருக்கு ஒரு கதிரை போடு. உறைப்புச் சம்பலைக் கொஞ்சம் தள்ளி வை" என்று சொல்லிவிட்டு, கல்லில் அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.